வசூல்காரருக்கு முன்னே ஊராட்சி வர வேண்டும்

கேரளத்தின் மிக வறிய குடும்பங்களை வார்டு வார்டாகத் தேடித் தயாரித்த பட்டியலில் 64,006 குடும்பங்கள் இருந்தன. கடும் வறுமையிலிருந்து மாநிலம் விடுபட்டுவிட்டதாக முதலமைச்சர் பினராயி விஜயன் 2025 நவம்பர் 1 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது, அந்த எண்ணிக்கை 59,277 ஆகியிருந்தது. ஊர் ஊராக நகர்ந்து வாழ்ந்த 261 குடும்பங்களைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. 47 பெயர்கள் இரண்டு முறை பதிவானவை. மீதி 4,421 பேர் இடையிலேயே இறந்துபோனவர்கள். ஒற்றை ஆளே ஒரு குடும்பமாக வாழ்ந்தவர்கள்.

அரசின் சாதனைக் கணக்கில் இந்த எண் ஓரமாகத்தான் வருகிறது. எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. நோயோடும் தனிமையோடும் வருமானமில்லாமல் கிடந்த ஒருவர் இறந்தால் வழக்கமாக அது எந்த அலுவலகக் கணக்கிலும் ஏறுவதில்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே ஊராட்சி தேடிப் போனதால்தான் தெரியவந்தது. இன்னும் முன்னதாகப் போயிருக்கக் கூடாதா என்று இன்று நாம் கேட்க முடிவதும் அந்தப் பட்டியல் இருப்பதால்தான்.

ஒரு குடும்பம் பணத்தால் சரியத் தொடங்குவது முதலில் தெருவுக்குத்தான் தெரியும். மளிகைக் கடையில் பாக்கி ஏறும். மூக்குத்தி அடகுக் கடைக்குப் போகும். எட்டாவது படிக்கும் பையன் மெக்கானிக் கடையில் நிற்பான். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்ளும் பாட்டியை நர்ஸம்மா கவனிப்பார். வங்கிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் இதெல்லாம் போய்ச் சேரும்போது காலம் கடந்திருக்கும். வார்டு உறுப்பினருக்கு, அங்கன்வாடி டீச்சருக்கு, ரேஷன் கடைக்காரருக்கு அப்போதே தெரியும். தெரிந்த இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைக்க ஊராட்சி அலுவலகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பணக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளாட்சி என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. காசு கொடுப்பது அப்புறம். முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காகிதம் இல்லாத மனிதர்கள்

கடும் வறுமையை ஒழிப்பது என்பது கேரளத்தில் 2021இல் இரண்டாவது முறை பதவியேற்ற அரசின் முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே எடுத்த முடிவு. ஏற்கெனவே இருந்த வறுமைக்கோட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கையும் வைத்து ஒவ்வொரு வார்டிலும் புதிதாகத் தேடினார்கள். குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்களும் வார்டு உறுப்பினர்களும் கூடிப் பேசி முதலில் சொன்ன பெயர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. நேரில் போய்ப் பார்த்து, கிராம சபையில் வைத்துச் சரிபார்த்த பிறகு 64,006இல் நின்றது. பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு திட்டம் எழுதினார்கள். மைக்ரோ பிளான் என்று அங்கே சொல்கிறார்கள். ஒருவருக்குக் கூரை வேண்டும். இன்னொருவருக்கு டயாலிசிஸுக்குப் போய்வர வண்டி வேண்டும். மூன்றாமவருக்குத் தேவை சமைத்த சோறு, ஏனென்றால் அரிசியைக் கொடுத்தால் உலை வைக்க அவரால் எழுந்திருக்க முடியாது. 20,648 குடும்பங்களுக்கு உணவை உறுதி செய்ததாகச் சொல்லும் அரசுக் கணக்கில், 2,210 குடும்பங்களுக்குச் சமைத்த சாப்பாடே போனது.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொரு எண். 21,263 பேருக்கு ரேஷன் கார்டு, ஆதார் போன்ற அடிப்படை ஆவணங்களை உள்ளாட்சிகள் பெற்றுத் தந்திருக்கின்றன. கல்வியறிவிலும் பொது விநியோகத்திலும் நாட்டுக்கே முன்னோடி என்று பேர் வாங்கிய மாநிலத்தில் இத்தனை பேர் காகிதத்தில் இல்லாமலே வாழ்ந்திருக்கிறார்கள். இலவச அரிசியும் ஓய்வூதியமும் அவர்களுக்காகவே அறிவிக்கப்பட்டவை. ஆனால் கார்டு கொண்டுவந்தவர்களுக்கு மட்டுமே அவை கிடைத்தன.

தமிழகத்திலும் இதே கதைதான். முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். சம்பாதித்துக் கொண்டிருந்தவர் 60 வயதுக்குள் இறந்தால் வறிய குடும்பத்துக்குத் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சான்றிதழ் நிற்கிறது. தாலுகா ஆபீசுக்கு நாலு நடை என்றால் நாலு நாள் கூலி போச்சு. கணவனை இழந்த பெண் வாரிசுச் சான்றுக்காக அலையும் மாதங்களில் வீட்டுச் செலவு வட்டிக்கு வாங்கிய பணத்தில்தான் ஓடுகிறது. 20,000 கைக்கு வரும்போது கடன் அதைத் தாண்டியிருக்கும். ஊராட்சிச் செயலாளர் அந்த வீட்டுக்குப் போய்ப் படிவத்தை அங்கேயே நிரப்பி, தாலுகா அலுவலகத்துக்குத் தானே எடுத்துப் போனால் ஊராட்சிக்கு ஆகும் செலவு பெட்ரோல் காசுதான்.

கேரளத்துக்கு இது எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால் மூன்று பழைய ஏற்பாடுகள் தெரிகின்றன. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே கொடுத்தது. 1998இல் வந்த குடும்பஸ்ரீ, பக்கத்து வீட்டுப் பெண்களின் அயல்கூட்டத்திலிருந்து வார்டு, ஊராட்சி என்று படிப்படியாக ஓர் அமைப்பைக் கட்டியது. மூன்றாவது, பலரும் இந்தக் கோணத்தில் பார்க்காத வலிதணிப்பு மருத்துவம். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி 2008இல் அரசுக் கொள்கையாகி, ஊராட்சிதோறும் நர்ஸ்கள் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர் சமையலறையையும் பார்க்கிறார். அடுப்பு எரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காமலே தெரிந்துவிடும். தமிழகத்தில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் பார்ப்பதைக் கேட்டுக்கொள்ள ஊராட்சியில் ஓர் ஆள் இருந்தால் போதும், பாதிக் கணக்கெடுப்பு முடிந்த மாதிரி.

கேரளத்தின் அறிவிப்பைக் குறை சொன்னவர்களும் உண்டு. எதிர்க்கட்சிகள் அதை மோசடி என்று சொல்லிச் சட்டமன்றக் கூட்டத்தைப் புறக்கணித்தன. எந்த அளவுகோலில் கணக்கிட்டீர்கள், மிக வறியோருக்கான அந்த்யோதயா கார்டு லட்சக்கணக்கான குடும்பங்களிடம் இருக்கும்போது கடும் வறுமை 64,006இல் எப்படி நிற்கும் என்று பொருளாதார அறிஞர்கள் கேட்டார்கள். ஆதிவாசிக் குடும்பங்கள் விடுபட்டதாகவும் புகார் வந்தது. கேள்விகள் நியாயமானவை. ஒரு நாளைக் குறித்து, வறுமை முடிந்தது என்று விழா எடுப்பது அரசியல்வாதிகளுக்குப் பிடித்த வேலை. அடுத்த மாதம் சரிகிற குடும்பத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் தேடிய முறை சரியானது. பட்டியலை ஆண்டுதோறும் திறந்து வைத்திருந்தால் குறை பாதி தீரும்.

வாரத் தவணை

வறுமை ஒரு நிலை. கடன் அப்படியில்லை, அது வாரா வாரம் வாசலுக்கு வரும். தமிழகத்துக் கிராமங்களில் குழு லோன் வாங்கிய பெண்களைக் கேட்டால் எந்தக் கிழமை எந்த நுண்கடன் கம்பெனியின் சென்டர் கூட்டம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அதனால் கம்பெனி ஆள் மிரட்ட வேண்டிய அவசியமே பல இடங்களில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முகமே போதும். ஒரு கம்பெனித் தவணைக்கு இன்னொரு கம்பெனியில் வாங்கி, அதுவும் முடியாதபோது தண்டல்காரரிடம் போவார்கள். அங்கே வட்டி சட்டத்துக்குள் வராது.

சட்டம் இல்லாமல் இல்லை. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே தடை செய்த சட்டம் 2003இல் தமிழகத்தில் வந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தண்டிக்கும் இன்னொரு சட்டம் 2025இல் வந்தது. இரண்டிலும் தண்டனை காவல் நிலையத்தில் தொடங்குவது. கடன் வாங்கியவர் காவல் நிலையப் படி ஏறத் துணிவது அபூர்வம். ஏறினாலும், நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதே ஆளிடம்தான் கை நீட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஊராட்சியை நிறுத்திப் பார்த்த முயற்சி ஒன்று ஆந்திரத்தில் நடந்தது. 2010இல் நுண்கடன் வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் செய்தியானபோது அந்த மாநில அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதைச் சட்டமாக்கியது. தவணையைக் கிராம ஊராட்சி அலுவலகத்திலோ கலெக்டர் குறிக்கும் பொது இடத்திலோதான் வாங்க வேண்டும், வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான் என்றது அது. வீட்டு வாசலில் நடந்த வசூலை நாலு பேர் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்த யோசனை எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ஆனால் வசூல் அடியோடு விழுந்தது, கம்பெனிகள் கடன் கொடுப்பதையே நிறுத்தின. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர்களுக்கு மிஞ்சியது பழைய வட்டிக்காரர்தான். கெட்ட கடனை அடைத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் நல்ல கடன் வந்து உட்கார வேண்டும் என்பதை ஆந்திரம் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

கேரளத்தின் பாலக்காட்டில் 2018இல் தொடங்கிய ‘முற்றத்தெ முல்ல’ திட்டம் இந்த இரண்டாவது பாதியைச் செய்து பார்த்தது. தமிழகத்தை ஒட்டிய அந்த மாவட்டத்தில் வட்டிக்காரர்களை ‘பிளேடு’ என்பார்கள். தொடக்கக் கூட்டுறவு வங்கி 9 சதவீத வட்டிக்குக் குடும்பஸ்ரீ குழுவிடம் பணம் கொடுக்கும். குழு 12 சதவீதத்துக்கு வீடுகளுக்குக் கொடுத்து, வீட்டுக்கே போய் வாரத் தவணை வாங்கும். தொடக்கத்தில் 1,000 ரூபாயிலிருந்து 25,000 வரை கடன். பிளேடுகாரரின் பலம் அவர் வாசலுக்கு வருவதும், 1,000 ரூபாய் கேட்டாலும் முகம் சுளிக்காமல் உடனே கொடுப்பதும்தான் என்பதைப் புரிந்துகொண்டு வகுத்த திட்டம் அது. தமிழகத்தில் ஊருக்கு ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. ஊராட்சி அளவில் மகளிர் குழுக் கூட்டமைப்புகள் இருக்கின்றன. 1989இல் தருமபுரியில் விதை போட்ட குழுக்களின் வழி வந்தவை அவை. இரண்டையும் ஒருவர் சேர்த்து வைக்க வேண்டும். அந்த ஒருவர் ஊராட்சித் தலைவராக இருக்கலாம்.

இதையெல்லாம் செய்யும் வரை, வெறும் சுவரை வைத்தே ஒரு காரியம் செய்யலாம். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நுண்கடனுக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ கடன் வாங்கியவரைக் கூப்பிட்டு நெருக்கக் கூடாது. வசூலை இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் செய்ய வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராதவரின் வீட்டுக்குத்தான் ஊழியர் போகலாம். கடன் வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க ஒரு பெயிண்டரின் ஒருநாள் சம்பளம் போதும். இரவு எட்டு மணிக்கு வாசலில் நிற்பவரிடம், சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் வரும்.

கடனில் தள்ளுவதும் உள்ளாட்சியே

மக்களைப் பணச் சிக்கலில் தள்ளுவதில் உள்ளாட்சிக்கும் பங்கு உண்டு. அதைப் பேசாமல் உதவியைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. சொத்து வரி, குடிநீர் வரி பாக்கிக்காகக் குழாய் இணைப்பைத் துண்டிப்பதும், பாக்கிதாரர் பெயரை ஊர் பார்க்க எழுதி வைப்பதும் நம் நகராட்சிகளில் நடந்தவை. கட்ட மனமில்லாதவரையும் கட்ட வழியில்லாதவரையும் ஒரே கழியால் அடிக்கும் முறை இது.

இங்கிலாந்தில் இந்தப் பிரச்சினை இன்னும் கடுமை. அங்கே உள்ளூர் கவுன்சில் வசூலிக்கும் வீட்டுவரியில் ஒரு தவணை தவறி, நினைவூட்டலுக்கும் பணம் வராவிட்டால் ஆண்டு முழுவதற்குமான தொகையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டியதாகிவிடும். வழக்கு, பிறகு பெய்லிஃப் எனும் வசூல் அதிகாரி, அவருக்கும் கட்டணம். சிறிய பாக்கி சில மாதங்களில் வீங்கிவிடும். லண்டனில் ஹேமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹம் கவுன்சில் 2018இல் வரி பாக்கிக்குப் பெய்லிஃப் அனுப்புவதையே நிறுத்தியது. 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘மூச்சு விடும் நேரம்’ என்ற பொருளில் பெயரிட்ட ஒரு ஏற்பாடு சட்டமாக இருக்கிறது. கடன் ஆலோசகரிடம் போனால் 60 நாளுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் பெரும்பாலான கடன்களுக்கு நிற்கும்; கவுன்சில் வரி பாக்கிக்கும் அது பொருந்தும். அதற்குள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, எதை எப்படி அடைப்பது என்று முடிவு செய்யலாம். நம் நகராட்சி ஒன்று, கணவர் இறந்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும் வீட்டுக்கும் வரி பாக்கியை ஆறு மாதம் நிறுத்தி வைக்கத் தீர்மானம் போடுவது பெரிய காரியமா?

இன்னொன்று, அதைவிடக் கசப்பானது. பல ஊர்களில் கந்துவட்டியின் முதல் இரை உள்ளாட்சியின் சொந்தத் தூய்மைப் பணியாளர்கள். ஒப்பந்தக்காரர் சம்பளத்தைத் தள்ளிப் போடுவார். அந்த இடைவெளியில் வட்டிக்காரர் நுழைவார். ஏடிஎம் கார்டை அவரே வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளம் ஏறிய அன்றே எடுத்துக்கொள்வார். நகரம் முழுக்கக் கடன் ஆலோசனை மையம் திறப்பதற்கு முன், தன் பணியாளர்களுக்கு மாதம் முதல் தேதியன்று முழுச் சம்பளம் போகிறதா என்று ஆணையர் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலையிலும் இதுவே நடந்தது. 2024 கடைசியிலிருந்து மாதக்கணக்கில் தமிழகத்தில் அந்தக் கூலி நிலுவையில் நின்றது. டெல்லி பணம் அனுப்பாதது ஊராட்சியின் குற்றமில்லை. வேலை செய்தவர்கள் அந்த மாதங்களை வட்டிக்கு வாங்கிக் கடந்தார்கள் என்பதை யாராவது பதிவு செய்திருக்க வேண்டும். அதை ஊராட்சிதான் செய்திருக்க முடியும்.

ஓர் அணா

உள்ளாட்சிக்கு இதெல்லாம் வேலையில்லை என்பவர்களுக்குச் சென்னை மாநகராட்சியின் சொந்த வரலாறே பதில் சொல்லும். சர் பிட்டி தியாகராயர் தலைமையில் 1920இல் மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்து மதிய உணவு தரத் தீர்மானித்தது. பசி பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து துரத்துகிறது என்பதை முதலில் பார்த்தது கோட்டை இல்லை, நகர மன்றம். பின்னாளில் மாநிலமே கைக்கொண்ட மதிய உணவுக்கு அது முன்னோடி. 2013இல் அதே மாநகராட்சி ஒரு ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் விற்கும் அம்மா உணவகங்களைத் திறந்தது. ஆட்டோ ஓட்டுநரும் கட்டட வேலைக்காரரும் மிச்சப்படுத்திய அந்தத் தினச் செலவு, வட்டிக்குப் போகாத பணம்.

கேரளத்தில் 2020 ஊரடங்கு தொடங்கிய சில நாட்களுக்குள் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீயும் ஆயிரத்துக்கும் மேல் சமூகச் சமையல்கூடங்களை நடத்தின. பிறகு 20 ரூபாய்ச் சாப்பாட்டோடு மக்கள் உணவகங்கள் வந்தன. 2023இல் சாப்பாட்டுக்கு 10 ரூபாய் மானியத்தை அரசு நிறுத்தியது. பழைய மானிய பாக்கியும் வராமல், அரசை நம்பிக் கடன் வாங்கி உணவகம் நடத்திய பெண்களே கடனாளிகள் ஆனார்கள். நல்ல திட்டத்தைப் பாதியில் கைவிட்டால் யார் தலையில் விழும் என்று எந்த மேயரும் ஊராட்சித் தலைவரும் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழகத்தின் பெரிய தடை நிதிகூட இல்லை, ஆள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். 2025 ஜனவரியில் அந்த மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் மறுபடியும் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலருக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்கப் போவதில்லை. வார்டு உறுப்பினர் என்ற ஒருவர் இருக்கும்போதுதான் நள்ளிரவில் கதவைத் தட்ட முடியும்.

ஆள் வந்துவிட்டால் கருவி ஏற்கெனவே நம்மிடம் உண்டு. உலக வங்கி உதவியோடு 2005இல் தொடங்கிய ‘புதுவாழ்வு’ திட்டத்தில் ‘மக்கள் நிலை ஆய்வு’ என்ற பெயரில் கிராமங்களில் ஊரே கூடி உட்கார்ந்து யார் மிக வறியவர், யார் நலிவுற்றவர் என்று பிரித்து, கிராம சபையில் ஒப்புதல் வாங்கினார்கள். கேரளம் 2021க்குப் பிறகு செய்ததை நம் ஊர்ப் பெண்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே செய்து பழகியவர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு வாரம் அங்கன்வாடி டீச்சர், ரேஷன் கடைக்காரர், மருத்துவ ஊழியர், குழுத் தலைவி நால்வரும் வார்டு வார்டாகப் பெயர்களை எழுதட்டும். கடனில் இருக்கும் வீட்டின் பெயரைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டாம். அது ஊராட்சிச் செயலாளரின் மேசைக்கு மட்டும் போகட்டும். சபையில் படிக்க வேண்டியது ஒன்றுதான்: போன சபைக்கு முன் எழுதிய பெயர்களில் எத்தனை வீட்டுக்கு ஊராட்சி போனது, எத்தனை வீட்டுக்கு இன்னும் போகவில்லை.